வாக்கிங் மட்டும் ஏன் போதாது? நடுவயதுப் பெண்களும் எடைப் பயிற்சியும்

நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் முட்டிவலி, இடுப்புவலி, சர்க்கரை என்று எதற்காக மருத்துவரிடம் போனாலும், சீட்டின் கடைசி வரியில் அவருக்குக் கிடைத்துவந்த அறிவுரை ஒன்றுதான்: தினமும் அரை மணி நேரம் நடங்கள். அதை ஏற்றுக்கொண்டு, விடியற்காலையில் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி வருகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இப்போது அந்தச் சீட்டில் ‘வெயிட் ட்ரெயினிங்’ என்றும் ஒரு வரி சேரத் தொடங்கியிருக்கிறது. இத்தனை நாள் நடந்தது வீணா, வீட்டு வேலை உடற்பயிற்சியில் சேராதா, இந்த வயதில் எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடாதா என்ற கேள்விகள் இயல்பாகவே எழுகின்றன. நடந்தது வீணில்லை. ஆனால் நடை செய்யும் வேலை வேறு, எடை செய்யும் வேலை வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. அதற்கான காரணம், தசையும் எலும்பும் எதற்கு அசைந்து கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதில் இருக்கிறது.

## எதை எடைப் பயிற்சி என்கிறோம்

ஓர் எதிர்ப்பை மீறித் தசை வேலை செய்யும்படி அமைக்கப்படும் எந்தப் பயிற்சியும் வலிமைப் பயிற்சிதான். அந்த எதிர்ப்பு டம்பெல்லாகவோ, பார்பெல்லாகவோ, ஜிம்மில் உள்ள மெஷினாகவோ, இழுக்கும் ரப்பர் பட்டையாகவோ, சொந்த உடல் எடையாகவோ இருக்கலாம். ஓர் அசைவை ஒரு முறை முழுமையாகச் செய்வது ஒரு ரெப். இடைவிடாமல் செய்யும் சில ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். இந்த இரண்டு சொற்களும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது: சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவது.

இந்தக் கருத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் முட்டி அடிபட்டு வந்த வீரர்களுக்கு, லேசான எடையைப் பல முறை தூக்க வைப்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் டிலோர்ம் அதை மாற்றி, கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்கவும், வலிமை கூடக்கூட எடையைக் கூட்டவும் வைத்தார். வீரர்கள் விரைவில் தேறினார்கள். 1940-களில் முடிந்துபோன இந்த விவாதம், பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்புகளில் இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

## நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் நடப்பது

முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. முதுமையில் வரும் இந்த இழப்புக்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் கிரேக்கச் சொற்களிலிருந்து ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். ‘சதைக் குறைவு’ என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஆண்களுக்கும் இது வருகிறது. ஆனால் பெண்கள் குறைவான தசையோடும் குறைவான எலும்பு அடர்த்தியோடும் தொடங்குகிறார்கள். போதாததற்கு நடுவழியில் மாதவிடாய் நிறுத்தம் குறுக்கிடுகிறது.

எலும்பு ஒரு முறை கட்டிமுடித்துவிட்ட சுவர் அல்ல. அதை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. அரிக்கும் பக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அந்த ஹார்மோன் குறையும்போது கணக்கு இழப்பின் பக்கம் சாய்கிறது. அமெரிக்காவில் 1990-களின் நடுவிலிருந்து பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்துவரும் ‘ஸ்வான்’ ஆய்வு, கடைசி மாதவிடாய்க்குச் சுமார் ஓராண்டு முன்பே எலும்பு இழப்பு வேகமெடுக்கிறது என்றும், கடைசி மாதவிடாயை நடுவில் வைத்துக் கணக்கிட்ட பத்தாண்டுகளில் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாகப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது என்றும் காட்டியது. இதில் எதுவும் வலிப்பதில்லை. அதனால் எலும்பு முறியும்வரை யாரும் கவனிப்பதும் இல்லை.

அமெரிக்கப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 வாக்கில் வந்துவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரிகிறது. ஆகவே வெளிநாட்டுக் கட்டுரைகளில் ‘ஐம்பதில் தொடங்குங்கள்’ என்று இருப்பதை, நம் பெண்கள் ‘நாற்பதில்’ என்று திருத்திப் படிப்பது நல்லது.

இதே காலத்தில் கொழுப்பு இடுப்பையும் தொடையையும் விட்டு வயிற்றுக்கு நகர்கிறது. தசை இரண்டு கிலோ குறைந்து கொழுப்பு இரண்டு கிலோ கூடினால், எடை பார்க்கும் மெஷின் எந்த மாற்றத்தையும் காட்டாது. ‘கல்யாணத்தின்போது இருந்த அதே எடைதான்’ என்பதில் பெருமைப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை.

## வீட்டு வேலை ஏன் கணக்கில் வருவதில்லை

காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிவரை நின்றுகொண்டே இருக்கும் ஒரு பெண்ணிடம் ‘உங்களுக்கு உடற்பயிற்சி போதவில்லை’ என்று சொல்வது கொடுமையாகத்தான் தெரியும். ஆனால் களைப்பு வேறு, தசையை வளர்க்கும் தூண்டுதல் வேறு.

1. ஒவ்வொரு தசையிலும் இருவகை இழைகள் இருக்கின்றன. மெதுவாக இயங்கும் இழைகள் களைக்காமல் நீண்ட நேரம் உழைக்கும். வேகமான இழைகள் பெரும் விசையைக் கொடுத்துவிட்டு விரைவில் ஓய்ந்துவிடும்.

2. நரம்பு மண்டலம் இவற்றை ஒரே நேரத்தில் அழைப்பதில்லை. சிறிய, மெதுவான தொகுதிகளை முதலில் அழைத்து, சுமை போதாது என்றால் மட்டுமே பெரியவற்றுக்குப் போகும். ஹார்வர்டில் பணியாற்றிய எல்வுட் ஹென்னமன் நிறுவிய விதி இது. பெருக்குவது, துவைப்பது, சப்பாத்தி தேய்ப்பது, நடப்பது எல்லாம் முதல் வரிசையோடு முடிந்துபோகும் வேலைகள்.

3. வயதாகும்போது அதிகமாகச் சுருங்குவது அந்த வேகமான இழைகள்தான். குளியலறையில் கால் வழுக்கும்போது, நொடிக்கும் குறைவான நேரத்தில் இன்னொரு காலை முன்வைத்து உடலைத் தாங்க வேண்டியவையும் அவைதான். இருபது வருடம் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தவரும் அந்த நொடியில் விழக்கூடும்.

4. உடல் பழகிய சுமைக்குப் புதிதாக எதையும் கட்டாது. சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள தண்ணீர்க் குடம், முதல் முறை இடுப்பில் ஏறியபோது பயிற்சி. இருபதாவது ஆண்டில் அது வெறும் வேலை. மாதத்துக்கு ஒரு முறை முப்பது கிலோ கேஸ் சிலிண்டரை நகர்த்துவது கனமான சுமைதான். ஆனால் தயாராகாத முதுகு அதை எப்போதோ ஒரு நாள் சந்திப்பது காயத்துக்கே வழி.

‘அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன, பாட்டிகள் திடமாக இருந்தார்கள்’ என்ற வாதம் இங்கே தவறாமல் வரும். அது பாதி உண்மை. மாவாட்டுவது கைகளுக்கும் தோளுக்கும் நல்ல உழைப்பு. இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் அதில் கிடைக்கும் சுமை குறைவு. அதே பாட்டிகளில் பலர் கடைசிக் காலத்தில் கூன் விழுந்து, தரையைப் பார்த்தே நடந்ததும் நம் நினைவில் இருக்கிறது. வயதான பெண்களின் கூனுக்கு, வலுவிழந்த முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கிப்போவது முக்கியமான காரணங்களில் ஒன்று.

## எலும்பு எதைக் கேட்கிறது

எலும்பு, தன்மேல் விழும் விசைக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவைசிகிச்சை நிபுணர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் அதன் நுண்ணிய வளைவை உணர்ந்து, கட்டும் செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது பின்னால் தெரியவந்தது. இந்தச் செல்களுக்கு மணிக்கணக்கு பொருட்டல்ல. விசை எவ்வளவு பெரிது, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான் பொருட்டு. அதனால்தான் இதயத்துக்கு அவ்வளவு நன்மை செய்யும் நீச்சலும் சைக்கிளும் எலும்புக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. நடை மட்டும் செய்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தியிலும் சொல்லத்தக்க ஏற்றம் தென்படவில்லை. அத்துடன், எலும்பு வலுப்படுவது சுமை விழுந்த இடத்தில் மட்டுமே. காலுக்குச் செய்த பயிற்சி மணிக்கட்டைக் காப்பாற்றாது.

1994-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மிரியம் நெல்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. மாதவிடாய் நின்ற, 50 முதல் 70 வயதுக்குட்பட்ட நாற்பது பெண்களில் ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள், ஐந்தே பயிற்சிகளை, கனமான எடையில் ஓராண்டு செய்தார்கள்; மறுபாதியினர் வழக்கம்போல் இருந்தார்கள். ஆண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களின் இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைந்திருந்தது. ஒரு சதவீதம் அற்பமாகத் தெரியலாம். இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதுதான் இதில் செய்தி. பத்தாண்டுகளில் அந்த இடைவெளி எங்கே போய் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயினும், எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டவர்களுக்குக் கனமான எடை ஆபத்து என்ற எண்ணம் நீடித்தது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் தலைமையில் நடந்த ‘லிஃப்ட்மோர்’ சோதனை அதையே நேருக்கு நேர் சோதித்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள் அதில் இருந்தார்கள். பயிற்சிக் குழுவினர் வாரம் இரண்டு முறை, முறைக்கு முப்பது நிமிடம், எட்டு மாதம் எடை தூக்கினார்கள். தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் உயர்த்தும் பிரஸ், இவற்றோடு கம்பியைப் பிடித்து எம்பித் தரையில் இறங்குதல். தாங்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கும் மேல், ஐந்து செட், ஐந்து ரெப். ஒப்பீட்டுக் குழுவினர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். முதல் குழுவின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் ஏறியது. இரண்டாவது குழுவுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. காயம் என்று பதிவானது ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டும்.

இந்த முடிவைப் படித்துவிட்டு மறுநாளே கம்பியைத் தூக்கக் கூடாது. அந்தப் பெண்கள் முதல் மாதம் முழுக்க லேசான எடையில் அசைவைக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பயிற்சியாளர் அருகில் நின்றார். ‘கனமாகத் தூக்கினால் பலன்’ என்ற பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் பரவுகிறது.

## சர்க்கரைக் கணக்கு

சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, இன்சுலினின் உதவியோடு மிகுதியாக வாங்கிக்கொள்வது எலும்புகளோடு இணைந்த தசைகள். தசை குறைந்தால் சர்க்கரையைப் போட்டுவைக்கும் பாத்திரம் சிறுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்சுலினுக்கு உடல் சரிவர இசையாதபோதும், தசை சுருங்கி விரியும் வேலையே செல்லின் இன்னொரு கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. நடையும் இதைச் செய்யும். எடைப் பயிற்சி அந்தப் பாத்திரத்தையே பெரிதாக்குகிறது.

நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தின் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் தங்கள் படத்தையே 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் உடலில் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கும் இந்த அமைப்பு தெற்காசியர்களிடம் பரவலாக உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவோடு நாடு முழுவதும் நடந்த ‘இண்டியாப்’ ஆய்வின் 2023 அறிக்கை, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது.

## மற்ற வாக்குறுதிகள்

எடை தூக்கினால் உடம்பு இளைக்கும் என்று சொல்லி ஆட்களைச் சேர்க்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தராசில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் சிறிது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பில் திடீரென்று பரவும் சூடு (ஹாட் ஃபிளாஷ்) குறைவதாக ஸ்வீடனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அது இன்னும் பெரிய அளவில் உறுதிப்பட வேண்டும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கொண்டு 2024-இல் வெளியான ஆய்வில், தசைப் பயிற்சி செய்த பெண்களின் இறப்பு வீதம் செய்யாதவர்களைவிட 19 சதவீதமும், ஆண்களிடம் 11 சதவீதமும் குறைவாக இருந்தது. அது கேள்விகேட்டுத் தொகுத்த தகவல். ஆரோக்கியமானவர்களே பயிற்சிக்கும் போகிறார்கள் என்ற ஐயத்தை அதனால் முழுதாக நீக்க முடியாது.

## மூன்று பயங்கள்

உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்பது முதலாவது. பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. மேடையில் காட்டும் உடம்புக்குப் பல வருடக் கடும் பயிற்சியும் தனி உணவு முறையும் வேண்டும். முட்டி தேய்ந்துவிடும் என்பது இரண்டாவது. முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பதே தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சியைத்தான்.

கர்ப்பப்பை இறங்கிவிடும் என்ற மூன்றாவது பயத்தை மட்டும் தள்ளிவிடக் கூடாது. ஏற்கெனவே இறக்கம் உள்ளவர்களும், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களும் மகளிர் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி அவர்களுக்கு முதலில் வரும். மற்றவர்களுக்கான விதி எளிது: மூச்சைப் பிடித்து முக்காமல், எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதே விதிதான்.

## எப்படித் தொடங்குவது

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, முக்கியமான எல்லாத் தசைகளுக்கும் வாரம் குறைந்தது இரண்டு நாள் வலிமைப் பயிற்சி என்கிறது. இதற்கு ஐந்து அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல்.

இவற்றில் நம் வீடுகளில் மிகத் தவறாகச் செய்யப்படுவது குனிந்து தூக்குதல். சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாக மட்டும் தளர்த்தி, முதுகை வளைக்காமல், பின்புறத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரிந்தால் அசைவு சரி. முதுகில் இழுத்தால் தவறு. இது பழகியபின் ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு இதே அசைவில் தூக்கலாம். பிறகு பத்து கிலோ. ஜிம்மில் டெட்லிஃப்ட் என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு எடை என்பதற்குக் கிலோவில் பதில் கிடையாது. எட்டு முதல் பன்னிரண்டு ரெப் முடியும்போது, இன்னும் இரண்டு மூன்று மட்டுமே முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். பன்னிரண்டாவதும் சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. பல ஜிம்களில் ‘லேடீஸுக்கு’ என்று இளஞ்சிவப்பு நிற ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து முப்பது முறை ஆட்டச் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்தும் அதே டம்பெல்தான் கையில் இருக்கும். கட்டிய பணத்துக்கு வியர்வை கிடைக்கும், அவ்வளவே.

முதல் ஆறு, எட்டு வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசையை அழைக்கக் கற்றுக்கொள்வதால். தசை கண்ணுக்குத் தெரியும்படி மாற அதற்குப் பிறகும் மாதங்கள் ஆகும். மறுநாள் தசையில் வரும் மந்தமான வலி இயல்பானது. மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்த வேண்டும். எலும்புப்புரை, இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வயது கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் நடத்திய ஆய்வு பதில். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேர் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

## தட்டில் என்ன இருக்கிறது

கட்டச் சொல்லும் உத்தரவு மட்டும் போதாது, செங்கல்லும் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி புரதம் நாளுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம், வயது கூடியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் பத்து கிராமைத் தாண்டுவது அரிது. கூட இரண்டு முட்டை வைத்தால் பன்னிரண்டு கிராம் சேரும். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல், தயிர், பனீர், வேர்க்கடலை, சோயா உண்டு. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, மிஞ்சிய ரசத்தோடும் மோரோடும் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கும் வீட்டில், எடைப் பயிற்சிக்கு முன்னால் மாற வேண்டியது பரிமாறும் வரிசை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தை மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

## முன்னேற்றத்தை எப்படி அளப்பது

தராசைவிட ஒரு நாற்காலி நம்பகமானது. கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள்; ஒருவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019-இல் முதியவர்களுக்காக வகுத்த அளவுகோலின்படி, இதற்குப் பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். நாற்பத்தைந்து வயதில் அந்த எண்ணுக்கு அருகில் இருந்தால், தொடங்கும் நாளைத் தள்ளிப்போட இடமில்லை. இன்றைய விநாடிக் கணக்கைக் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடியும் அளந்து பாருங்கள்.